தேவகி ஒதுக்கி வைத்த வளையம்

எங்கள் வட்டாரத்து இளைஞர் மன்றம் ஒரு மலர் போடுகிறது. அதன் செயலாளர் தம்பி போன மாதம் சிரம்பான் பக்கம் செண்டாயானில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, "மேடம், நேர்காணல்ல ஜெயிக்கப் பத்து வழி எழுதிக் குடுங்க. பாயிண்ட் பாயிண்டா இருந்தாதான் நம்ம பசங்க படிப்பாங்க" என்றார். ரப்பர் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஆள் சேர்ப்புப் பிரிவில் உட்கார்ந்து, எதிர் நாற்காலிக்காரர்களைக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். பத்து வழி எழுதுவது எனக்கு என்ன பெரிய வேலை? அன்றைக்கே எழுதிவிட்டேன். அந்தப் பத்தும் எங்கே போயின என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது வேலை தேடுவது முன்போல் இல்லை. போனிலேயே விண்ணப்பம், போனிலேயே நேர்காணல். கோலா கிளாவாங்கில் இருக்கும் பெண் தன் கட்டிலில் உட்கார்ந்தபடி சிரம்பான் கம்பெனிக்காரரோடு பேசிவிடுகிறாள். நல்லதுதான், பஸ் காசு மிச்சம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பழகிக்கொள்வதற்காக முதலில் என்னோடு அப்படிப் பேசிப் பார்க்கிறார்கள். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. அதையெல்லாம் நான் கண்டுகொள்வதில்லை. ஆனால் என்ன வேலை வேண்டும் என்று கேட்டால், "எதுனாலும் ஓகே மேடம்" என்கிறார்கள் பாருங்கள், அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எதுனாலும் ஓகே என்றால் என்ன அர்த்தம்? கழிவறை கழுவுவாயா, கணக்கு எழுதுவாயா? பணிவாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நம் ஆட்கள் செய்கிற தவறு இது. ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார், நல்ல கட்டுமஸ்தான ஆள். எந்த வேலை தெரியும் என்று கேட்டேன். "எந்த வேலை குடுத்தாலும் செய்வேம்மா" என்றார். திருப்பித் திருப்பிக் கேட்டும் அதே பதில். சரி, மூட்டை தூக்கும் இடத்தில் போடலாம் என்று எழுதப் போனபோது, அடையாள அட்டை எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டார். கூடவே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லைசென்ஸ் வந்து விழுந்தது. நாங்கள் அந்த மாதம் முழுக்க அந்த வேலைக்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தோம்.

"ஏன்யா, இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க கேக்கலியேம்மா. நாமளா சொன்னா பெருமை பேசுற மாதிரி இருக்குமேலா."

அடக் கடவுளே! தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் வேலைக்கு வந்த கதை இதைவிட மோசம்.

பெடாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா, அம்மா இருவருக்கும் பால் வெட்டும் வேலை. தோட்டத்தில் வேலை என்பது நாமாகப் போய்க் கேட்பது இல்லை. வேலையை மேய்க்கும் மண்டோரோ, கணக்கெழுதும் கிராணியோ நமக்காகப் பேசி வாங்கித் தர வேண்டும். அதனால் பள்ளியில் கடைசியான ஐந்தாம் படிவம் முடித்து நான் தொழிற்சாலை நேர்காணலுக்குப் போனபோது, அப்பா எங்கள் மண்டோர் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, கல்யாணத்துக்கு வருகிறவர் போல வந்தார். உள்ளே நான் நின்றேன், அவர் உட்கார்ந்தார். பெயர், படிப்பு, குணம், குடும்பம் எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார். கேள்வி கேட்டவர் ஒரு சீனர். பெயர் ஹோ. அவர் மலாயில்தான் பேசுவார். இங்கே அதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

பொறுமையாகக் கேட்டு முடித்த ஹோ, மாமாவைப் பார்த்து, "உங்கள் பாதுகாப்புக் காலணி என்ன சைஸ்?" என்றார்.

"எனக்கு எதுக்கு பாஸ் சப்பாத்து?"

"வேலைக்கு வந்திருப்பது நீங்கள்தானே?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹோ என் பக்கம் திரும்பி, "சிரிக்கத் தெரிகிறது. பேசத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அதுதான் அந்த அறையில் நான் சொன்ன முதல் வார்த்தை. பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்தேன். மாலையில் படித்து டிப்ளோமா வாங்கி, அலுவலகத்துக்கு மாறி, ஹோவுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்காரும் அளவுக்கு வந்தேன். நடுவில் நடந்ததைச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.

ஹோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், அரைக்கைச் சட்டை, குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. தரப் பரிசோதனைப் பிரிவுக்கு அவர்தான் மேனேஜர். வீட்டிலிருந்து பிளாஸ்கில் கோப்பி கொண்டுவருவார். நேர்காணலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். குடித்து முடிக்கும்வரை கேள்வி கேட்க மாட்டார். அன்பானவர் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சே அவரிடம் கிடையாது.

நாங்கள் செய்தது காரின் பிரேக்குக்குள் போகிற ரப்பர் வளையங்கள். சுண்டு விரல் மோதிரம் அளவுதான் இருக்கும். அதில் ஒரு கீறல் இருந்தாலும் எண்ணெய் கசியும், எண்ணெய் கசிந்தால் பிரேக் பிடிக்காது. அதனால் பரிசோதனை வேலைக்கு வருகிறவர்களுக்கு ஹோ ஒரு சோதனை வைத்திருந்தார். தட்டில் வெள்ளைத் துணி விரித்து, வளையங்களை வரிசையாக அடுக்கியிருப்பார். பெரும்பாலும் நல்லவை, நடுநடுவே கெட்டவை. முதலில் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். வளையத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, மேசை விளக்கின் கீழே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு லேசாக அமுக்கி, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். காற்றுக் குமிழ், கீறல், ஓரத்தில் பிசிறு, இந்த மூன்றில் எது இருந்தாலும் அது ரோசாக், கெட்டது. எடுத்துச் சிவப்புக் கிண்ணத்தில் போட வேண்டும். ஹோ ஒரு வளையத்தை வைத்து ஒரே ஒரு தடவை செய்து காட்டுவார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

தேவகி நேர்காணலுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. நான் தொழிற்சாலை கேட்டுக்குள் நுழையும்போதே பார்த்தேன். மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தது அவள். பின்னால் உட்கார்ந்திருந்தது அவள் புருஷன் சேகரன். அவர் முகமும் பாதமும் வீங்கியிருந்தன. செருப்பு காலில் ஏறாமல் குதிகால் வெளியே தொங்கியது. காவலாளி அறைப் பக்கத்துப் பெஞ்சில் அவரை உட்கார வைத்து, தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து, "ரொம்பக் குடிச்சிறாதீங்க, நாக்க நனைங்க போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

கோப்பி குடிக்கும்போதே கதையைக் கேட்டு வாங்கிவிட்டேன். சேகரனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள், மத்தியானத்துக்கு மேல், சிரம்பானில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். இவளுக்குச் செம்பனைத் தோட்டத்தில் ஒப்பந்த ஏஜண்டு ஒருவனுக்குக் கீழே மருந்தடிக்கும் வேலை. அரை நாள் போய் வருகிறேன் என்று கேட்டால், அப்படியே வீட்டிலேயே இருந்துகொள் என்கிறானாம் ஏஜண்டு. போன வாரம் இரண்டு தடவை கூட்டிப் போக முடியவில்லை. அந்த வீக்கம் அதனால்தான்.

"காலை ஷிப்டு மட்டும் கெடைச்சாப் போதும் மேடம். ரெண்டரைக்கு வேலை முடிஞ்சா மூணு மணிக்கெல்லாம் அவர அங்க கொண்டுபோய் விட்டுருவேன். ஒரு நாளும் லீவு கேக்க மாட்டேன்."

எங்களிடம் காலை ஷிப்டு மட்டும் உள்ள நிரந்தர வேலை அந்தப் பரிசோதனை மேசை ஒன்றுதான். தேவகிக்கு நாலு வார்த்தை மலாய்தான் தெரியும், அதனால் ஹோவுக்கு இதை நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை முன்னால் நகர்த்தினார். செய்து காட்டினார். கையைக் கட்டிக்கொண்டார்.

தேவகி வேலை செய்த விதம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அவசரமே இல்லை. விளக்குக்குக் கீழே சுற்றினாள், அமுக்கினாள், திருப்பினாள். சில வளையங்களில் அவள் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்ப்பாள், நிமிர்ந்து ஹோவின் முகத்தைப் பார்ப்பாள். பிறகு அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒழுங்காக வரிசை நேராக இருக்கும்படி தட்டிவிடுவாள். கடைசி வளையம் வரை முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். சிவப்புக் கிண்ணம் காலியாக இருந்தது.

"எப்படி?" என்றார் ஹோ.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, துவான். எல்லாமே பாகுஸ்."

ஹோ பேனாவைத் திறந்தார். அவள் விரல் எங்கெங்கே நின்றதோ அங்கெல்லாம் கெட்ட வளையம் இருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் சொல்லவில்லை.

"மிஸ்டர் ஹோ, நான் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டுமா?"

"அன்னா, உதவி செய்யக் கூடாது." அன்னலெட்சுமி என்ற என் பெயர் அவர் வாயில் அன்னாதான்.

"உதவி இல்லை. கேள்வி மட்டும்."

அவர் பேனாவை மூடவில்லை. ஆனால் எழுதவும் இல்லை. எனக்கு அது போதும்.

"தேவகி, நீங்க பாசார்ல வெண்டிக்காய் வாங்குவீங்கல்ல?"

"வாங்குவேன் மேடம்." எதற்குக் கேட்கிறாள் இந்தப் பொம்பளை என்று விழித்தாள்.

"எப்படி வாங்குவீங்க?"

"நுனிய ஒடிச்சுப் பாத்துத்தான். முத்தலா இருந்தா அவன் மூஞ்சிக்கு நேரா தூக்கிப் போட்டுருவேன்ல."

"அப்ப இது கம்பெனி சாமான்னு மறந்துருங்க. பாசார்ல வெலைக்கு வந்துருக்கு, நீங்க உங்க காசக் குடுத்து வாங்கறீங்க. எதெது வேணாமோ அத எடுத்துப் போடுங்க."

அடேயப்பா, அப்புறம் பார்க்க வேண்டுமே! அந்தப் பெண்ணின் கையா அது என்று ஆகிவிட்டது எனக்கு. டக், டக் என்று சிவப்புக் கிண்ணத்தில் விழுந்துகொண்டே இருந்தது. முடிந்ததும் ஹோ கிண்ணத்தைக் கவிழ்த்துத் தன் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கெட்டவை எல்லாம் இருந்தன. கூடவே நல்லது ஒன்றையும் தூக்கிப் போட்டிருந்தாள். அதை எடுத்து மேசையில் தனியாக வைத்து, "இது ஒன்று தவறு" என்றார். பிறகு, "முதலில் ஏன் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள்? கேள்" என்றார்.

கேட்டேன். தேவகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொதலாளிய முன்னால உக்கார வச்சுக்கிட்டு, அவரு சாமானையே கொறை சொல்றதா மேடம்? எங்கம்மா ஒரு தடவ அப்படிக் கொறை சொன்னுச்சு. தோட்டத்தப் பாக்க மானேஜர் வந்தப்ப, தண்ணித் தொட்டில புழு நெளியுதுன்னு நேராவே சொல்லிருச்சு. அன்னையிலேர்ந்து எங்கம்மாவுக்கு வாய்க்காரின்னு பேரு. மண்டோரு தூக்கி மலைக்காட்டுல போட்டுட்டாரு. அங்க மரத்துல பாலே இருக்காது. அதுக்கப்புறம் அம்மா வாயத் தொறக்கல. எங்களையும் தொறக்க விடல."

அந்த மலைக்காடு எனக்கும் தெரியும். எங்கள் தோட்டத்திலும் ஒன்று இருந்தது. அதற்கு அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாள் உண்மையைச் சொன்னவர்கள்தான். ஹோவுக்கு ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். இந்த மனிதர் இளகிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் இளகவில்லை. "கண் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாளைக்கு லைன் லீடர் வந்து, நேரமாகிவிட்டது, விடு, நல்லதுதான் என்று சொன்னால் இவள் என்ன செய்வாள்? பாகுஸ் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். யாரோ ஒருவர் காருக்குள் அது போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்குக் கண் மட்டும் போதாது, அன்னா."

அவர் கேட்டது நியாயம். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அப்போதுதான் ஹோ நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். கிண்ணத்திலிருந்து அவள் ஒதுக்கிய வளையம் ஒன்றை எடுத்தார். உள்பக்கம் கீறல் இருந்த வளையம். அதைத் தட்டில், நல்ல வளையங்களோடு வைத்தார். தேவகியின் முகத்தைப் பார்த்து, "இது பாகுஸ். நான் சொல்கிறேன், பாகுஸ்" என்றார்.

தேவகி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதைவிடக் கஷ்டமான வேலையை அந்தத் தொழிற்சாலையில் நான் செய்ததில்லை. ஜன்னல் வழியே காவலாளி அறை தெரிந்தது. பெஞ்சில் சேகரன் போத்தல் மூடியைத் திறந்து, உதட்டை நனைத்து, மூடினார். பேசு பிள்ளை, பேசித் தொலை என்று மனதுக்குள் கத்தினேன்.

திரும்பிப் பார்த்தபோது அவள் அந்த வளையத்தை எடுத்துக் கிண்ணத்தில் போட்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. ஹோ அதை எடுத்து மறுபடியும் தட்டில் வைத்தார். அவள் மறுபடியும் எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். அவள் கை நடுங்கியது. ஹோ மறுபடியும் எடுத்தார். இந்தத் தடவை தட்டில் வைக்காமல் விரலில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் அதட்டலாகவே கேட்டார்.

"இங்கே மேனேஜர் யார்?"

"நீங்கதான், துவான்."

"மேனேஜர் நல்லது என்று சொல்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?"

தேவகி எழுந்து நின்றுவிட்டாள். நம் ஆட்கள் பெரியவர்களிடம் பேசும்போது அப்படித்தான் எழுந்துகொள்வார்கள்.

"ரோசாக், துவான். உள்ள வெட்டு இருக்கு. துவான் சொன்னாலும் ரோசாக்தான்."

சொல்லி முடித்ததும் தேவகியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. வேலை போச்சு என்றே நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஹோ வளையத்தைக் கிண்ணத்தில் போட்டார். டிஷ்யூ பெட்டியை எங்கள் பக்கம் தள்ளினார். பிளாஸ்கைத் திறந்து அவள் குவளையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினார். "காலணி சைஸ் என்ன என்று கேள், அன்னா" என்றார்.

அந்த வாரமே சேர்ந்துவிட்டாள். சேர்ந்த புதிதில் லைன் லீடர் ஒருவன் வந்து, "அதெல்லாம் ஓகேலா, விடு அக்கா" என்று ஒரு பெட்டியைத் தள்ளப் பார்த்திருக்கிறான். தேவகி விடவில்லை. அவன் ஹோவிடம் போய்ப் புகார் சொன்னான். ஹோ வந்தார், பெட்டியைப் பார்த்தார், லீடரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் மலைக்காட்டுக்கு அனுப்பப்படவில்லை. மதியம் இரண்டரைக்கு எப்போதும்போல மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஹோ ஓய்வு பெற்றார். அப்புறம் நான் ஓய்வு பெற்றேன். தேவகி இப்போது அந்தப் பரிசோதனை மேசைக்கு மேற்பார்வையாளர். புது ஆட்களை எடுக்கும்போது அவளும் உட்காருகிறாள். அதனால்தான் இளைஞர் மன்றத்துக்கு எழுதிய பத்து வழிகளையும் அவளிடம் காட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். சேகரன் வாசலில் உட்கார்ந்து பழைய மோட்டாருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் வாரத்துக்கு மூன்று நாள் சிரம்பான் போகிறார். "ஒரு நாள் விட மாட்டேங்கறாம்மா, பெருநாளுன்னாலும் இழுத்துட்டுப் போயிருறா" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நடமாட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை.

தேவகி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். நேரத்துக்கு முன்னால் போங்கள், நகத்தை வெட்டுங்கள், கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று அழகாகத்தான் எழுதியிருந்தேன்.

"என்ன தேவகி, பாகுஸா?"

"இல்லக்கா. இதெல்லாம் போன்ல தட்டுனாலே வருது. எதுக்கு உங்க பேரப் போட்டு இத எழுதறீங்க? அன்னைக்கு அந்த ரூம்ல நடந்துச்சே, அத எழுதுங்க. என் பேரயும் போடுங்க."

பத்தும் போயிற்று. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து இதை உட்கார்ந்து எழுதி, மறுபடி எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை அவள் மெதுவாகப் படித்தாள். வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் விரலை நிறுத்தினாள். அந்த விரல் நிற்பதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது ரோசாக், அக்கா."

"எது?"

"நான் அழுதேன்னு எழுதியிருக்கீங்க. நான் எங்க அழுதேன்? எனக்குக் கை காலெல்லாம் நடுங்குச்சு, நெசந்தான். ஆனா அழல. அழுதது நீங்க. மிஸ்டர் ஹோ டிஷ்யூ பெட்டியத் தள்ளுனாரே, எனக்குன்னா நெனைச்சீங்க?"

"போடி, நானாவது அழுவதாவது! எத்தனை பேர நேர்காணல் பண்ணவ நான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நீதான் அழுத."

தேவகி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். என் முகத்துக்கு நேராகப் பார்த்தாள். எழுந்து நிற்கவில்லை, குரல் நடுங்கவில்லை.

"நீங்க சொன்னாலும் ரோசாக்தான்க்கா."

வாசலில் சேகரன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் இவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல ஒரு சந்தோஷம். மேலே அந்த வரியை நான் திருத்தவில்லை. வேலை தேடிப் போகிற நம் பிள்ளைகள் அதையும் படிக்கட்டும், இதையும் படிக்கட்டும். அவள் சொன்னதுதான் சரி.